செய்தி படிப்பதும் செய்தியைத் தொடர்வதும்

நாள்தோறும் தவறாமல் செய்தி படிக்கும் ஒருவரிடம், சில மாதங்களுக்கு முன் பரபரப்பாகப் பேசப்பட்ட ஒரு விவகாரம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தெளிவான பதில் வராது. விவகாரம் வெளிவந்த நாளில் யார் என்ன சொன்னார்கள், யார் யாரைக் கண்டித்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு நன்றாக நினைவிருக்கும். விசாரணை முடிந்ததா, அறிவித்த நிதி உரியவர்களைச் சென்று சேர்ந்ததா, மாற்றுவதாகச் சொன்ன விதி மாறியதா என்பது தெரிந்திருக்காது. இதற்கு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. தொடக்கங்களை உரக்கச் சொல்லி முடிவுகளை ஓரத்தில் வைப்பதாகவே செய்திகள் நம்மிடம் வந்து சேர்கின்றன. பல ஆண்டுகளாக நான் என் செய்திப் பழக்கத்தைச் சிறிது சிறிதாக மாற்றி வந்திருக்கிறேன். நிறையப் படிப்பதைவிடச் சிலவற்றை விடாமல் தொடர்வதே குடிமக்களுக்குப் பயன்படும் என்ற முடிவுக்கு அந்த அனுபவம் என்னைக் கொண்டு வந்தது. எப்படி வந்தேன் என்பதை, அதே வழியில் முயல விரும்புவோருக்காக எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் அறிந்திருப்பவரே நல்ல குடிமகன் என்ற எதிர்பார்ப்பு பழையது. அதை எதிர்த்த குரலும் பழையதுதான். அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1920களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். உலகம் மிகப் பெரியது, மனிதனுக்குக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. நேரில் காணாத உலகத்தைப் பற்றி ஒவ்வொருவரும் மனத்தில் வரைந்துகொண்ட படத்தை வைத்தே முடிவெடுக்கிறோம். ஆகவே எல்லாப் பொது விவகாரங்களிலும் தேர்ந்த குடிமகன் என்று ஒருவர் இருக்க முடியாது என்பது அவர் வாதம். தத்துவ அறிஞர் ஜான் டூயி 1927இல் இதற்கு மறுமொழி எழுதினார். லிப்மன் சுட்டிய சிக்கலை அவர் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கொள்கையின் விளைவு எங்கே வலிக்கிறது என்பதை அதை அனுபவிப்பவர்களே அறிவார்கள், அவர்களை ஒதுக்கிவிட்டு வல்லுநர்கள் மட்டும் முடிவெடுக்கலாகாது, மக்கள் தங்களுக்குள் கலந்து பேசும் வழிகளைச் சீர்படுத்துவதே தீர்வு என்றார். 1998இல் சமூகவியலாளர் மைக்கேல் ஷட்சன் இன்னொரு வழியைக் காட்டினார். நீச்சல் குளத்தருகே அமர்ந்து பிள்ளைகளைக் கவனிக்கும் பெற்றோர் ஒவ்வொரு கணமும் எதையும் செய்துகொண்டிருப்பதில்லை; ஆனால் ஏதேனும் நேர்ந்தால் உடனே எழுந்து ஓட ஆயத்தமாக இருக்கிறார்கள். குடிமக்களின் விழிப்பும் அத்தகையதாக இருந்தால் போதும் என்றார் அவர்.

மூவரில் எனக்கு மிகவும் உதவியவர் ஷட்சன். ஆனாலும் ஒரு திருத்தத்தோடுதான் அவரை ஏற்றுக்கொண்டேன். மேலோட்டமாகக் கவனித்துக்கொண்டே இருப்பவருக்கு, எது ஆபத்து என்று அடையாளம் காணும் அறிவு ஏற்கெனவே இருக்க வேண்டும். சில விஷயங்களிலாவது ஆழம் இருந்தால்தான் அந்த அறிவு வரும். இதை மனத்தில் கொண்டு என் பழக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன்: பொதுவான செய்திகளைக் குறைந்த நேரத்தில் மேலோட்டமாகப் பார்ப்பது, தேர்ந்தெடுத்த சில விஷயங்களை நீண்ட காலம் தொடர்வது.

முதல் பகுதிக்கு வேண்டியது நேர ஒழுங்கு ஒன்றுதான். கைப்பேசியில் செய்தி அறிவிப்புகள் அனைத்தையும் நிறுத்திவிட்டு, பேரிடர் எச்சரிக்கைகளை மட்டும் விட்டுவைத்தேன். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று பார்க்கத் தொடங்கினேன். இதனால் எனக்குத் தேவையான எந்தச் செய்தியும் தவறிப்போனதாக நினைவில்லை. அதோடு, முதல் சில மணி நேரத்தில் வெளிவந்து பிறகு மறைந்துபோகும் தவறான தகவல்கள் என்னை எட்டுவதும் வெகுவாகக் குறைந்தது. 2013 ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கை ஊடுருவியவர்கள், வெள்ளை மாளிகையில் குண்டுகள் வெடித்து அதிபர் காயமடைந்ததாக ஒரு பொய்ச் செய்தியை வெளியிட்டார்கள். சில நிமிடங்களில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு 140 புள்ளிகளுக்கு மேல் சரிந்து, செய்தி பொய்யென்று தெரிந்ததும் மீண்டது. அன்று மாலை செய்தி பார்த்தவர் ஊடுருவல் நடந்ததையும் அதன் விளைவையும் சேர்த்தே அறிந்துகொண்டார். நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தவர் இல்லாத குண்டுவெடிப்பை முதலில் நம்ப நேர்ந்தது. வேகம் தொழிலாகவே தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். குடிமக்களாகிய நமக்கு அந்த வேகத்தால் கிடைப்பது மிகச் சொற்பம்.

இரண்டாவது பகுதியில்தான் உழைப்பு இருக்கிறது. எந்த விஷயங்களைத் தொடர்வது என்பதை நான் மூன்று கேள்விகளைக் கேட்டு முடிவு செய்கிறேன். என் வாக்கோ, வரியோ, மனுவோ இதில் சிறிதளவேனும் பங்கு வகிக்குமா? என் வீட்டாரின் அன்றாட வாழ்வை இது தொடுமா? இதனால் பாதிக்கப்படுபவர்கள் தங்களுக்காகப் பேச முடியாத நிலையில் இருக்கிறார்களா? மூன்றாவது கேள்வியைச் சேர்க்காவிட்டால் என் பட்டியல் முழுவதும் சொந்த நலனாகவே முடிந்துவிடும் என்பதால் அதை வலிந்து சேர்த்தேன். இப்படித் தேர்ந்ததில் இப்போது குடிநீர் வழங்கல், பள்ளிக் கல்வி, மனநல மருத்துவ வசதி, தேர்தல் நடைமுறைகள் ஆகியவை உள்ளன. மற்றவை எல்லாம் முக்கியமில்லாதவை என்று நான் கருதவில்லை. அவற்றை வேறு பலர் என்னைவிட நன்றாகக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் விட்டுவிடுகிறேன். டூயி சொன்ன கலந்து பேசும் வழிக்கு இங்கே ஒரு பயன் உண்டு. என் நண்பர் ஒருவர் போக்குவரத்துத் துறையைத் தொடர்கிறார், தங்கை மருத்துவக் காப்பீட்டு விதிகளைத் தொடர்கிறாள். அந்தத் துறைகளில் ஒரு செய்தி வரும்போது நான் முதலில் அவர்களைத்தான் கேட்கிறேன்.

தொடர்வதற்கு நான் பயன்படுத்தும் கருவி ஒரு சாதாரணக் குறிப்பேடு. ஒவ்வொரு பதிவிலும் தேதி, என்ன சொல்லப்பட்டது, சொன்னவர் எந்தப் பொறுப்பில் இருப்பவர், எப்போதைக்குள் நடக்கும் என்று கூறினார் என்பவற்றை எழுதிவிட்டு, கீழே இரண்டு வரிகளைக் காலியாக விடுகிறேன். அந்தக் காலி வரிகளை நிரப்புவதற்காகவே மாதத்துக்கு ஒரு முறை பழைய பக்கங்களைப் புரட்டுகிறேன். செய்திகளைப் படிப்பதைவிட இந்தப் புரட்டல்தான் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

அது கற்றுத் தந்தவற்றுள் முதன்மையானது, செய்தியின் வினைச்சொல்லைக் கவனிப்பது. ஒரு திட்டம் ‘பரிசீலிக்கப்படுகிறது’ என்பதற்கும், ‘அறிவிக்கப்பட்டது’ என்பதற்கும், அதற்கு ‘அரசாணை வெளியானது’ என்பதற்கும், ‘நிதி விடுவிக்கப்பட்டது’ என்பதற்கும் இடையே மாதங்களும் சில வேளைகளில் ஆண்டுகளும் இருக்கின்றன. ஒரே திட்டம் இந்த ஒவ்வொரு கட்டத்திலும் புதிய செய்தியாக வருவதால், குறிப்பு இல்லாதவர் நான்கு திட்டங்கள் வந்துவிட்டதாகவே எண்ணக்கூடும். சட்டங்களும் அப்படித்தான். சட்ட முன்வடிவு அறிமுகமாவது ஒரு கட்டம், அவை அதை நிறைவேற்றுவது வேறொரு கட்டம், ஒப்புதல் பெற்றுச் சட்டமாவது இன்னொன்று, அது நடைமுறைக்கு வரும் தேதி தனி. நிறைவேறிய பிறகும், விதிகள் வகுக்கப்படாததால் நடைமுறைக்கு வராமலேயே கிடக்கும் சட்டங்கள் உண்டு. நீதிமன்றச் செய்திகளில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகக் கேட்கும் கேள்வி, தீர்ப்பைப் போன்ற தோற்றத்துடன் தலைப்பாகிவிடுகிறது. இடைக்காலத் தடை என்பது வழக்கு முடியும்வரையோ மறு உத்தரவு வரும்வரையோ நிலைமையை நிறுத்திவைப்பது. யார் பக்கம் நியாயம் என்பதை அது இறுதியாகச் சொல்லிவிடுவதில்லை. ஒருவர் கைது செய்யப்பட்டதை முதல் பக்கத்தில் படிக்கிறோம். அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டால் அந்தச் செய்தி எங்கே வருகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. என் குறிப்பேட்டில் இத்தகைய பதிவுகளின் காலி வரிகளை நிரப்பத்தான் நான் மிகவும் பாடுபட்டிருக்கிறேன். ஒரு மனிதரின் பெயரைக் களங்கத்தோடு மட்டும் நினைவில் வைத்திருப்பது பெரிய அநீதி என்பதால், அந்தத் தேடலை விட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து எண்கள். எண்களோடு வரும் செய்தி துல்லியமானது என்ற எண்ணம் நமக்கு இயல்பாகவே வருகிறது. 2015 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. புகையிலையும் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) அதே தொகுதியில் இருப்பதால், புகைபிடிப்பதும் இதுவும் ஒரே அளவு ஆபத்து என்ற பொருள்படும் செய்திகள் பல நாடுகளில் வந்தன. உண்மையில் அந்தத் தொகுதிகள் ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே சொல்கின்றன. நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 விழுக்காடு கூடும் என்ற கணக்கும் அந்த அறிவிப்பில் இருந்தது. 18 விழுக்காடு என்றதும் நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு நோய் வரும் என்று பலர் புரிந்துகொண்டார்கள். நூறு பேரில் ஐந்து பேருக்கு வாழ்நாளில் அந்நோய் வரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ ஆறு பேராகும் என்பதே அதன் பொருள். அந்த ஒருவரும் ஒரு மனிதர்தான், எனவே அறிவிப்பு தேவையானதே. ஆனால் படித்தவருக்கு ஏற்பட்ட அச்சத்துக்கும் உண்மையான அளவுக்கும் இடையே பெரிய தூரம் இருந்தது. அதன்பின், ‘கூடியது’ அல்லது ‘குறைந்தது’ என்று எந்தச் செய்தி வந்தாலும், எதிலிருந்து எதற்கு என்று கேட்காமல் நான் மேலே படிப்பதில்லை.

பட்ஜெட் செய்திகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். ஒரு துறைக்கு வரலாறு காணாத ஒதுக்கீடு என்ற தலைப்பு அனேகமாக ஒவ்வோர் ஆண்டும் உண்மையாகவே இருக்கும். விலைவாசியும் மக்கள்தொகையும் ஏறும்போது தொகையும் ஏறத்தானே செய்யும். பார்க்க வேண்டியவை வேறு. மொத்தச் செலவில் அந்தத் துறையின் பங்கு கூடியதா? சென்ற ஆண்டு ஒதுக்கியதில், ஆண்டின் இடையில் மறுபடி கணக்கிடும் திருத்திய மதிப்பீட்டில் எவ்வளவு குறைக்கப்பட்டது? உண்மையில் எவ்வளவு செலவானது? இந்த விவரங்கள் எல்லாம் பட்ஜெட் ஆவணங்களின் அட்டவணைகளிலேயே அடுத்தடுத்த நெடுவரிசைகளில் அச்சிடப்பட்டிருக்கின்றன. முதன்முதலாக அவற்றைத் திறக்கும்போது மலைப்பாகத்தான் இருக்கும். நாம் தொடரும் ஒரே ஒரு துறையின் பக்கத்தை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் ஆண்டிலேயே கை பழகிவிடும்.

மூல ஆவணத்தைத் தேடும் இந்தப் பழக்கத்தோடு இணைந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே செய்தியை ஐந்து இடங்களில் பார்த்துவிட்டதால் அது உறுதியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. 1846இல் தொடங்கிய அசோசியேட்டட் பிரஸ், 1851இல் தொடங்கிய ராய்ட்டர்ஸ் போன்ற செய்தி முகமைகள் அனுப்பும் செய்தியையே பல நிறுவனங்கள் தங்கள் தலைப்போடு வெளியிடுகின்றன. அது முறையான ஏற்பாடுதான். ஆனால் ஐந்து தலைப்புகளுக்கும் பின்னால் இருப்பவர் ஒரே செய்தியாளராக இருக்கலாம் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். செய்தியின் முதல் வரியிலோ கடைசி வரியிலோ பெரும்பாலும் முகமையின் பெயர் இருக்கும். அதைப் பார்க்கச் சில நொடிகள் போதும்.

அறிமுகமில்லாத இணையதளத்தில் செய்தி வந்தால், அந்தப் பக்கத்தையே நெடுநேரம் உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் வரலாற்று அறிஞர்கள், மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் ஆகியோரிடம் இணையப் பக்கங்களை மதிப்பிடச் சொல்லி ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அறிஞர்களும் மாணவர்களும் பக்கத்துக்குள்ளேயே இருந்து, அதன் தோற்றத்தையும் சின்னத்தையும் பார்த்துப் பல முறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தை வந்த வேகத்தில் விட்டு வெளியேறி, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள்; குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள். கற்றறிந்தவர்களையே ஏமாற்றக்கூடிய தோற்றம் நம்மையும் ஏமாற்றும் என்று எடுத்துக்கொண்டு, நானும் வெளியே சென்று தேடும் முறையையே கைக்கொண்டேன். வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுக்கிறேன். பெரியவர்களைவிட அவர்கள் இதை விரைவாகப் பற்றிக்கொள்கிறார்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழு தனியாகப் பேச வேண்டிய இடம். 2018இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்த ஆய்வொன்று, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்தித் தொடர்களை ஆராய்ந்தது. உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம் என்றும், அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்றும் அது கண்டது. புதுமையும் வியப்பும் அருவருப்பும் நம்மைப் பகிரத் தூண்டுகின்றன. இதைப் படித்த பிறகு, பெரியப்பாவோ அத்தையோ ஒரு வதந்தியை அனுப்பினால் எனக்குக் கோபம் வருவதில்லை. பிறருக்கு நல்லது செய்வதாக எண்ணித்தான் அவர்கள் அனுப்புகிறார்கள். குழுவில் எல்லோர் முன்னிலையிலும் மறுத்தால் வயதில் மூத்தவருக்கு அது அவமதிப்பாகிவிடும். அதன்பின் பேச்சு செய்தியைப் பற்றியதாக இருக்காது. ஆகவே தனியாக அழைத்து, “பெரியப்பா, நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன், நானும் கவலைப்பட்டுத் தேடினேன், துறையின் அறிவிப்பில் வேறு மாதிரி இருக்கிறது, அனுப்பி வைக்கட்டுமா?” என்று கேட்கிறேன். பல முறை அவரே குழுவில் திருத்தத்தைப் போட்டுவிடுவார், அதுவே எல்லோரிடமும் எடுபடும். திருத்தம் எழுதும்போது உண்மையை முதல் வரியில் வைக்கச் சொல்கிறேன். ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்பதாலேயே அது உண்மையாகத் தோன்றத் தொடங்கும் என்பதை உளவியலாளர்கள் 1977லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். வதந்தியைத் தலைப்பாக வைத்து மறுப்பதால் நாமே அதை மேலும் ஒரு முறை கேட்கச் செய்துவிடுகிறோம்.

செய்தியே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களையும் எனக்குத் தெரியும். ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனம் பல நாடுகளில் நடத்தும் கணக்கெடுப்பில், சில வேளைகளிலோ அடிக்கடியோ செய்திகளைத் தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 2017இல் 29 விழுக்காடு, 2024இல் 39 விழுக்காடு. நோயாளியைப் பராமரித்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கும் ஒருவரிடம், உலகத்தின் அத்தனை துயரங்களையும் நாள்தோறும் அறிந்திருப்பது உன் கடமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவரிடம் நான் சொல்வதெல்லாம், உங்கள் வாழ்வைத் தொடும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வாரத்துக்கு ஒரு நாள் பாருங்கள் என்பதுதான். அதற்கு இசைந்த ஒருவர், பராமரிப்பாளர்களுக்கான உதவித்தொகை விதிகளை மட்டும் தொடர்ந்து வந்தார். இன்று அந்த விதிகளில் ஐயம் வந்தால் எங்கள் வட்டத்தில் எல்லோரும் அவரிடம்தான் கேட்கிறோம்.

தொடர்ந்து அறிந்தது செயலாகும் இடம், கேள்வி கேட்கும் இடம். பொது ஆவணங்களை மக்கள் பார்ப்பதற்கான உரிமையை ஸ்வீடன் 1766லேயே சட்டமாக்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் தகவல் பெறும் உரிமைச் சட்டங்கள் இருக்கின்றன. குறிப்பேட்டில் ஒரு காலி வரி நெடுநாள் நிரம்பாமல் இருந்தால் நான் உரிய அலுவலகத்துக்கு எழுதுகிறேன். எழுதும் முறையை அனுபவம் செப்பனிட்டது. ‘குடிநீர்த் திட்டம் ஏன் முடங்கியது’ என்று கேட்டால் விளக்கவுரை வரும், அல்லது பதிலே வராது. இன்ன தேதியில் அறிவித்த இன்ன திட்டத்துக்கு இதுவரை விடுவித்த தொகை எவ்வளவு, பணி ஆணை வழங்கிய தேதி எது, முடிக்க வேண்டிய தேதி எது என்று பதிவேட்டில் இருக்கக்கூடிய விவரங்களைக் கேட்டால், அதை எடுத்துத் தருவது அலுவலருக்கும் எளிது, தட்டிக்கழிப்பது கடினம். ஒரு கடிதத்தில் ஒரு திட்டத்தைப் பற்றி மட்டும் கேட்பது, குறை கூறும் சொற்களைத் தவிர்ப்பது, அறிவிப்பின் நகலை இணைப்பது, அனுப்பிய தேதியையும் பதில் வர வேண்டிய தேதியையும் குறிப்பேட்டிலேயே எழுதிவைப்பது ஆகியவற்றை நான் விடாமல் கடைப்பிடிக்கிறேன். கெடு கடந்தும் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டா, யாரிடம் செய்ய வேண்டும் என்பதையும் முதல் கடிதம் எழுதும்போதே சட்டத்தில் பார்த்துவைப்பது நல்லது. பதில் வந்ததும் அதே விஷயத்தைத் தொடரும் மற்றவர்களுக்கும் செய்தி எழுதிய நிருபருக்கும் ஒரு நகல் அனுப்புகிறேன். சில நிருபர்கள் அதை வைத்துப் பின்தொடர் செய்தி எழுதியிருக்கிறார்கள்.